கல்லூரிகள் எதைப் பார்த்துச் சேர்க்கின்றன? கொல்கத்தாத் தமிழ்ப் பெற்றோர் கவனத்துக்கு!

மே மாதம் பிறந்துவிட்டால் கொல்கத்தாவில் தமிழர்கள் வெயிலைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. லேக் மார்க்கெட்டில் முருங்கைக்காய் வாங்க வருகிறவர்களும், கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் டீ குடிக்க எழுந்து போகிறவர்களும், ஹவுராவில் லோக்கல் ரயிலுக்குக் காத்து நிற்கிறவர்களும் ஒன்றைத்தான் விசாரித்துக்கொள்கிறார்கள். "பையனுக்கு எத்தனை மார்க்கு? எங்கே சேர்க்கப் போகிறீர்கள்?"

முதல் கேள்விக்கு மார்க் ஷீட் பதில் சொல்லிவிடும். இரண்டாவது கேள்விக்குத்தான் சுலபத்தில் பதில் கிடைப்பதில்லை. காரணம், கல்லூரிகள் மார்க்கை மட்டும் பார்ப்பதில்லை. என்ன பாடம் படித்தாய், எந்தப் பரீட்சை எழுதினாய், எந்த ஊர்க்காரன், எந்தச் சமூகம், அதற்கு யார் கையெழுத்துப் போட்ட அத்தாட்சி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்கின்றன.

வங்காளிப் பிள்ளைக்கு இவற்றில் பாதிக் கேள்விகள் எழுவதே இல்லை. தமிழ்நாட்டில் பிறந்து அங்கேயே படித்த பிள்ளைக்கும் அப்படித்தான். தகப்பனார் உத்தியோகத்துக்காக இங்கே வந்து, இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்குத்தான் எல்லாக் கேள்விகளும் வந்து சேருகின்றன. "நீ எந்த ஊர்?" என்று கொல்கத்தாவும் கேட்கிறது, சென்னையும் கேட்கிறது. இரண்டு இடத்திலும் சரியான பதில் கையில் இல்லாவிட்டால், தொண்ணூறு மார்க்கு வாங்கியவனும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

குலம் கேட்ட காலம்

கல்லூரி வாசலில் கேள்வி கேட்பது இந்த நகரத்துக்குப் புதிதல்ல. இந்தியாவில் மேல்நாட்டு முறைக் கல்வி வேரூன்றிய இடங்களில் கொல்கத்தா முக்கியமானது. 1817-ல் இங்கே தொடங்கிய ஹிந்து காலேஜ், மரியாதைப்பட்ட ஹிந்துக் குடும்பத்துப் பையன்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. 1824-ல் ஏற்பட்ட சம்ஸ்கிருத காலேஜின் கதவு இன்னும் குறுகலானது. பிராமணர், வைத்தியர் என்ற இரு வகுப்பாருக்கு மட்டுமே அங்கே இடம்.

ஈசுவர சந்திர வித்தியாசாகர் அந்தக் கல்லூரியின் முதல்வரானதும் 1851-ல் காயஸ்தர்களுக்கும், பிறகு 1854-ல் மற்ற ஹிந்துக்களுக்கும் கதவைத் திறந்துவிட்டார்.

ஹிந்து காலேஜில் 1853-ல் ஒரு பெரும் கலகமே நடந்தது. ஹீரா புல்புல் என்ற தாசியின் மகனுக்கு அங்கே இடம் கொடுத்துவிட்டார்கள். நகரத்துப் பெரிய மனிதர்கள் கொதித்தெழுந்தார்கள். தங்கள் பிள்ளைகளை நிறுத்திக்கொண்டு, ஹிந்து மெட்ரோபாலிட்டன் காலேஜ் என்று தனியாக ஒரு கல்லூரியையே ஆரம்பித்தார்கள். அந்தப் பையன் படிக்கத் தகுந்தவனா என்பதல்ல அவர்களுடைய கேள்வி. அவன் யார் வயிற்றில் பிறந்தான் என்பதுதான்.

இரண்டே ஆண்டுகளில் காலம் மாறியது. 1855-ல் ஹிந்து காலேஜ் பிரஸிடென்ஸி காலேஜ் ஆயிற்று. எல்லா மதத்தாரும் சேரலாம் என்று ஏற்பட்டது. அந்தக் கல்லூரிதான் 2010 முதல் பிரஸிடென்ஸி பல்கலைக்கழகமாக காலேஜ் ஸ்ட்ரீட்டில் நடந்துவருகிறது.

பெண்களுக்கும் வாசல் இலேசில் திறக்கவில்லை. டேராடூனிலிருந்து 1876-ல் சந்திரமுகி பாசு என்ற பெண் என்ட்ரன்ஸ் பரீட்சை எழுத அனுமதி கேட்டார். எழுதலாம், ஆனால் தேறினாலும் தேறியவர் பட்டியலில் பெயர் வராது என்ற நிபந்தனையின் பேரில்தான் பல்கலைக்கழகம் இடம் கொடுத்தது. 1878-ல் விதி மாறியது. காதம்பினி பாசு முறைப்படி எழுதித் தேறினார். 1883-ல் இருவரும் பி.ஏ. பட்டம் பெற்றார்கள். காதம்பினி கங்குலி என்ற பெயரில் பின்னால் டாக்டராகப் புகழ் பெற்றவர் அவரே.

மார்க்கு ஆட்சிக்கு வந்தது

1857 ஜனவரி 24-ந் தேதி கல்கத்தாப் பல்கலைக்கழகம் பிறந்தது. அந்த ஆண்டே முதல் என்ட்ரன்ஸ் பரீட்சையும் நடந்தது. எழுத வந்தவர்கள் 244 பேர். இன்று ஒரு பள்ளிக்கூடத்தில் எழுதுகிறவர்களே அதைவிட அதிகம்!

அடுத்த ஆண்டு நடந்த முதல் பி.ஏ. பரீட்சையில் தேறியவர்கள் இரண்டே பேர். ஒருவர் பங்கிம் சந்திர சட்டோபாத்தியாயர், மற்றவர் யதுநாத் போஸ். அவர்களும் ஒரு பாடத்தில் சிறிது குறைந்தே போனார்கள். ஏழு மார்க்கு கருணையாகக் கூட்டித்தான் பல்கலைக்கழகம் அவர்களைத் தேறவைத்தது. "வந்தே மாதரம்" பாடிய பங்கிமே கருணை மார்க்கில் தேறியவர் என்பதை, மார்க்கு குறைந்ததற்காகப் பிள்ளையைக் கரித்துக்கொட்டும் தகப்பனார்கள் நினைவில் வைத்துக்கொண்டால் நல்லது.

குலத்தைக் கேட்ட இடத்தில் மார்க்கு வந்து உட்கார்ந்தது ஒரு பெரிய முன்னேற்றம். யார் மகன் என்று மார்க்குக்குத் தெரியாது. அதனால்தான் ஏழை வீட்டுப் பிள்ளையும் அதை நம்பிப் படிக்கிறான். ஆனால் மார்க்கு ஒன்றுதான் என்று இருந்துவிட்டால் போதாது என்பதும் பிறகு தெரிந்துபோயிற்று.

இப்போது எப்படி?

மேற்கு வங்காளத்தில் அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் பட்டப் படிப்பில் சேர 2024 முதல் ஒரே மையமான இணையதளம் ஏற்பட்டிருக்கிறது. அந்த ஆண்டு சுமார் 460 கல்லூரிகள் அதில் இருந்தன. ஒரு மாணவர் 25 விருப்பங்கள் வரை வரிசைப்படுத்திக் கொடுக்கலாம். மனுக் கட்டணம் கிடையாது என்றும் அறிவித்தார்கள்.

அதற்கு முன்பெல்லாம் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனி மனு. 2018-ல் பல கல்லூரிகளில் சீட்டுக்குப் பணம் கேட்கிறார்கள் என்று புகார்கள் கிளம்பி, விஷயம் போலீஸ் வரைக்கும் போயிற்று. இப்போது வரிசையைக் கம்ப்யூட்டர் போடுகிறது. "உள்ளே ஆள் இருக்கிறது, வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால், அவரிடமிருந்து பத்தடி தள்ளி நிற்பதே புத்திசாலித்தனம்.

இந்த முறையில் கல்லூரி முக்கியமாகப் பார்ப்பது பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை. ஆனால் மொத்த மார்க்கு மட்டும் அல்ல. எந்தப் பாடத்தில் பட்டம் படிக்க விரும்புகிறாரோ அந்தப் பாடத்திலும், அதற்கு ஆதாரமான பாடத்திலும் என்ன மார்க்கு என்பதும் கணக்கில் வருகிறது. பொருளாதாரம் படிக்கலாம் என்று ஆசைப்படுகிற பையன் பிளஸ் டூவில் கணக்கை விட்டிருந்தால், பல கல்லூரிகளில் மனுவே நிற்காது. எண்பத்தைந்து சதவீதம் வாங்கியும் பயன் இல்லை.

ஆகவே கல்லூரிச் சேர்க்கை என்பது பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த பிறகு தொடங்குவதல்ல. பத்தாவது முடித்துப் பாடம் தேர்ந்தெடுக்கும் அன்றைக்கே அது தொடங்கிவிடுகிறது.

இந்த மைய இணையதளத்துக்குள் வராத இடங்களும் உண்டு. ஜாதவ்பூர் பல்கலைக்கழகம், பிரஸிடென்ஸி பல்கலைக்கழகம், சிறுபான்மையோர் நடத்தும் கல்லூரிகள் ஆகியவை தனி வழி வைத்திருக்கின்றன. பார்க் ஸ்ட்ரீட் பக்கம் உள்ள செயின்ட் சேவியர்ஸ் கல்லூரி அந்த வகையைச் சேர்ந்ததுதான். அவற்றுக்குத் தனியாக மனுப் போட வேண்டும். மைய இணையதளத்தில் போட்டாயிற்று, எல்லாம் முடிந்தது என்று இருந்துவிட்டால் ஏமாற்றம்தான்.

பரீட்சை வேண்டும் என்று பட்டினி கிடந்தார்கள்!

சில இடங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கை மட்டும் நம்புவதில்லை. தாங்களே ஒரு பரீட்சை வைத்துப் பார்க்கின்றன. பிரஸிடென்ஸியில் பட்டப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு உண்டு. பராநகரில் பி.டி. ரோடில் உள்ள இந்தியப் புள்ளியியல் கழகம், பேராசிரியர் மஹலனோபிஸ் 1931-ல் தொடங்கியது. புள்ளியியல் பட்டப் படிப்புக்கு எழுத்துத் தேர்வும் நேர்முகமும் வைத்துப் பொறுக்கி எடுப்பதே அதன் வழக்கம். கல்விக் கட்டணம் வாங்காமல், மாதாமாதம் உதவித்தொகையும் கொடுத்து வந்திருக்கிறது. கணக்கில் கூர்மையான, கையில் காசு இல்லாத பிள்ளைகள் கவனிக்க வேண்டிய இடம் அது.

ஜாதவ்பூரில் 2018 ஜூலையில் நடந்தது வேடிக்கையான விஷயம். ஆங்கிலம், வங்காளி, ஒப்பிலக்கியம், சரித்திரம், அரசியல், தத்துவம் ஆகிய ஆறு பாடங்களுக்கு நுழைவுத் தேர்வை எடுத்துவிட்டு, பள்ளி மார்க்கை மட்டும் பார்ப்பது என்று நிர்வாகம் முடிவு செய்தது. வேறு இடங்களில் பரீட்சை வேண்டாம் என்றுதான் மாணவர்கள் கொடி பிடிப்பார்கள். இங்கே பரீட்சை வேண்டும் என்று உண்ணாவிரதம் இருந்தார்கள்! சில நாட்களில் நிர்வாகம் இறங்கி வந்தது. தேர்வுக்குப் பாதி, பள்ளி மார்க்குக்குப் பாதி என்று முடிவாயிற்று.

அவர்கள் சொன்ன நியாயம் யோசிக்கத் தக்கது. ஒரு போர்டில் தாராளமாக மார்க்குப் போடுகிறார்கள், இன்னொரு போர்டில் கைபிடித்துப் போடுகிறார்கள். இலக்கியம் படிக்க வருகிறவனுக்குப் படித்துப் புரிந்துகொள்ளும் சக்தியும் சொந்தமாக எழுதும் சக்தியும் உண்டா என்பது மனப்பாட மார்க்கில் தெரியாது. இது ஒரு பக்கம்.

மறுபக்கத்து நியாயத்தைச் சொன்னது தமிழ்நாடு. அங்கே தொழிற்படிப்புகளுக்கு 1984 முதல் நுழைவுத் தேர்வு நடந்துவந்தது. பட்டணத்தில் பணம் கட்டிப் பயிற்சி வகுப்புக்குப் போகிறவனுக்கே அது சாதகம், கிராமத்துப் பிள்ளை பின்தங்கிப் போகிறான் என்று சொல்லி, 2006-ல் சட்டம் இயற்றி அதை ஒழித்தார்கள். அன்று முதல் பொறியியலுக்கு பிளஸ் டூ மார்க்குதான்.

இதில் ஒரு பொருத்தம் பாருங்கள். தமிழ்நாட்டில் பொறியியல் கட்-ஆப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணக்குக்கு 100, பௌதிகத்துக்கு 50, ரசாயனத்துக்கு 50. மேற்கு வங்காளக் கூட்டு நுழைவுத் தேர்விலும் மொத்தம் 200 மார்க்குதான். அதிலும் கணக்கு 100, மற்ற இரண்டும் 50, 50. தராசு ஒன்றே. அங்கே பள்ளிப் பரீட்சையை வைத்து நிறுக்கிறார்கள், இங்கே தனிப் பரீட்சை வைத்து நிறுக்கிறார்கள். இரண்டு இடத்துக்கும் முயற்சி செய்யும் பிள்ளை இரண்டுக்குமே தயாராக வேண்டும்.

"எந்த ஊர் தம்பி?"

இனி நம்மவர்களைச் சுடும் விஷயத்துக்கு வருவோம்.

ஜாதவ்பூரில் பொறியியல் இடங்களில் 90 சதவீதம் மேற்கு வங்காளத்தைச் சேர்ந்தவர்களுக்கே என்று 2019-ல் ஏற்பாடாயிற்று. அந்தச் செய்தியைக் கேட்டதும், நமக்கு அங்கே வழியில்லை என்று சோர்ந்து போன தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அப்படிச் சோர வேண்டியதில்லை. வங்காளி பேசுகிறவனா என்று அந்த விதி கேட்கவில்லை. இங்கே குடியிருப்பவனா என்றுதான் கேட்கிறது.

கூட்டு நுழைவுத் தேர்வு விதிகளில் இருப்பிடச் சான்றுக்கு இரண்டு வழிகள் காட்டப்பட்டிருக்கின்றன. மாணவர் தொடர்ந்து பத்து ஆண்டுகளாவது மாநிலத்தில் வசித்திருக்க வேண்டும். அல்லது பெற்றோருக்கு இங்கே நிரந்தர வீட்டு விலாசம் இருக்க வேண்டும். முதல் வழி ரயில்வே குவார்ட்டர்ஸிலும் வாடகை வீட்டிலும் குடியிருப்பவர்களுக்கும் பொருந்தும். கார்டன் ரீச்சிலோ கரக்பூரிலோ பிறந்து பள்ளிப் படிப்பையும் இங்கேயே முடித்த பிள்ளைக்குப் பத்து ஆண்டு என்பது தாராளமாக வந்துவிடும். அதற்கென்று உள்ள படிவத்தில், அதற்கென்று குறிப்பிட்ட அதிகாரியின் கையெழுத்து வேண்டும். அதை முன்னாலேயே வாங்கி வைப்பதுதான் முக்கியம். கவுன்சிலிங் அன்று ஓடினால் கிடைக்காது.

நடுவில் இரண்டு வருடம் ஊரில் பாட்டி வீட்டில் விட்டுப் படிக்கவைத்த பிள்ளைகள் விஷயத்தில்தான் சிக்கல் வரும். "தொடர்ந்து" என்ற சொல் அங்கே குறுக்கே நிற்கும். பிள்ளையை ஊருக்கு அனுப்பும்போது இதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

மத்திய அரசின் என்.ஐ.டி.க்களில் கணக்கு வேறு. பாதி இடங்கள் அந்தந்த மாநிலத்தாருக்கு. ஆனால் "மாநிலத்தார்" என்பதற்கு அங்கே பொருள் என்ன தெரியுமா? பன்னிரண்டாம் வகுப்பை எந்த மாநிலத்தில் தேறினாரோ அந்த மாநிலத்தார் என்பதே. பிறந்த ஊரையும் தாய்மொழியையும் அங்கே கேட்பதில்லை. கொல்கத்தாவில் பன்னிரண்டாவது தேறிய தமிழ்ப் பையனுக்கு துர்காபூர் என்.ஐ.டி. சொந்த ஊர்க் கல்லூரி, திருச்சி என்.ஐ.டி. அசலூர்க் கல்லூரி! பதினொன்றாம் வகுப்பில் பிள்ளையை ஊருக்கு மாற்றலாமா என்று யோசிக்கும் பெற்றோர் இதை அறிந்துகொண்டு யோசிக்க வேண்டும்.

கரக்பூரில் ஹிஜ்லி சிறைக் கட்டடத்தில் 1951-ல் தொடங்கிய ஐ.ஐ.டி. உள்பட எல்லா ஐ.ஐ.டி.க்களிலும் மாநிலப் பங்கு கிடையாது. அகில இந்திய வரிசைதான். ஆனால் அங்கேயும் பன்னிரண்டாம் வகுப்பை அலட்சியம் செய்ய முடியாது. 75 சதவீத மார்க்கு, அல்லது தன் போர்டில் முதல் இருபது சதவீதத்தாருக்குள் இடம் இருந்தால்தான் சீட்டு. ஷெட்யூல்டு வகுப்பாருக்கு 65 சதவீதம். நுழைவுத் தேர்வில் ரேங்க் வாங்கிவிட்டு இதில் தடுக்கி விழுந்தவர்கள் உண்டு.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் பொது நுழைவுத் தேர்வு வந்திருக்கிறது. சாந்திநிகேதனில் உள்ள விசுவபாரதியும் அதில் சேர்ந்தது. பதின்மூன்று மொழிகளில் அதை எழுதலாம். தமிழும் அதில் ஒன்று.

ஊர்ப் பக்கம் போனால்

"இங்கே எதற்கு வம்பு? சொந்த ஊரில் சேர்த்துவிடலாம்" என்று நினைக்கிறவர்கள் பலர். தமிழ்நாட்டைச் சேர்ந்தவர் வெளி மாநிலத்தில் படித்திருந்தாலும் பொறியியல் கவுன்சிலிங்குக்கு மனுச் செய்யலாம். ஆனால் நிரந்தரமான பிறப்பிடச் சான்று வேண்டும். நேட்டிவிட்டி சர்ட்டிபிகேட் என்று சொல்லப்படும் அதைத் தமிழ்நாட்டு வருவாய்த் துறைதான் கொடுக்கும். சமூகச் சான்றும் அங்கேதான் வாங்க வேண்டும்.

இங்கேதான் பல குடும்பங்கள் திண்டாடுகின்றன. தாத்தா காலத்திலேயே ஊரை விட்டு வந்தாயிற்று. ஊரில் வீடு இல்லை, ரேஷன் கார்டு இல்லை. பங்காளிகள் பெயரில் இருக்கும் அரைக் காணி நிலத்தின் பட்டாவைத் தேடிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது. இணையம் வழியாக மனுப் போடும் வசதி வந்திருந்தாலும், நேரில் விசாரணை என்று வந்தால் கிராமத்தில் "இவர் இன்னார் மகன்" என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை திருவிழாவுக்காவது ஊருக்குப் போய் வருவதில் இந்த லாபமும் இருக்கிறது.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2020-ல் மருத்துவத்துக்கும், 2021-ல் பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. அது அங்கே அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. கொல்கத்தாப் பள்ளியில் படித்த பிள்ளை எவ்வளவு ஏழையானாலும் அதில் வர முடியாது.

சமூகச் சான்று ரயிலேறுமா?

இட ஒதுக்கீட்டின் சரித்திரத்தில் சென்னைக்கு முதலிடம் உண்டு. பழைய சென்னை மாகாணத்தில் கல்லூரி இடங்களைப் பதினான்கு பங்காகப் பிரித்து, இன்ன வகுப்பாருக்கு இத்தனை என்று கொடுத்தார்கள். செண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டு அந்த உத்தரவைத் தள்ளிவிட்டது. தமிழ்நாட்டில் கிளர்ச்சி மூண்டது. அதே ஆண்டு ஜூன் மாதம் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. பின்தங்கிய வகுப்பாருக்குக் கல்வியில் தனி ஏற்பாடு செய்யலாம் என்ற பிரிவு அப்படித்தான் பிறந்தது. தமிழ்நாட்டில் இன்று 69 சதவீத ஒதுக்கீடு நடைமுறையில் இருக்கிறது.

ஆனால் அந்த உரிமை கோரமண்டல் எக்ஸ்பிரஸ் ஏறி இங்கே வருமா? வராது என்பதே சட்டம்.

1990-ல் சுப்ரீம் கோர்ட்டு மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் இதைத் தீர்த்துச் சொன்னது. ஆந்திராவில் பழங்குடிப் பட்டியலில் உள்ள ஒரு வகுப்பைச் சேர்ந்தவர் 1978-ல் பொதுத்துறை உத்தியோகத்தில் பம்பாய்க்கு வந்தார். சிறுவனாக அவருடன் வந்து பம்பாயிலேயே படித்த மகன், மருத்துவக் கல்லூரியில் பழங்குடியினருக்குரிய இடம் கேட்டார். ஒரு மாநிலத்தில் தாழ்த்தப்பட்டு நிற்கும் வகுப்பு இன்னொரு மாநிலத்தில் அதே நிலையில் இருக்கிறது என்று கொள்ள முடியாது, பட்டியல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு, ஆகையால் குடிபெயர்ந்தவர் அந்தச் சலுகையைக் கூடவே எடுத்துச் செல்ல முடியாது என்று ஐந்து நீதிபதிகள் கூறிவிட்டார்கள். 2018-ல் டில்லி குடிநீர் வாரிய வழக்கிலும் இந்தக் கொள்கையே உறுதியாயிற்று.

கொல்கத்தாவில் துப்புரவுப் பணிக்கும் ரயில்வே கலாசி வேலைக்கும் வந்த எத்தனையோ தமிழ்க் குடும்பங்களை இது பாதிக்கிறது. ஊரில் பட்ட இழிவு ரயிலேறியவுடன் தீர்ந்துவிடுவதில்லை. ஆனால் அதற்கு மாற்றாக வந்த சலுகை மட்டும் எல்லையில் இறங்கிக்கொள்கிறது. இதற்குப் பரிகாரம் சட்டம் இயற்றுகிறவர்கள் கையில்தான் இருக்கிறது.

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. மத்திய அரசின் கல்வி நிலையங்களில் ஷெட்யூல்டு வகுப்பாருக்கு 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5 சதவீதம், மத்தியப் பட்டியலில் உள்ள பிற்பட்ட வகுப்பாருக்கு 27 சதவீதம் என்ற ஒதுக்கீடு அகில இந்தியாவுக்கும் பொது. தமிழ்நாட்டுச் சான்று அங்கே செல்லும். தகப்பனாருக்குச் சொந்த மாநிலத்தில் கொடுத்த அசல் சான்றைக் காட்டினால், குடிபெயர்ந்தவர்களின் பிள்ளைகளுக்கு இப்போது வசிக்கும் மாநிலத்து அதிகாரியே சான்று தரலாம் என்ற மத்திய அரசின் வழிகாட்டுதலும் உண்டு. ஆகவே தகப்பனாரின் பழைய சான்றைப் பெட்டியின் அடியில் பத்திரமாக வைத்திருப்பது பிள்ளைக்குச் சொத்து வைப்பதற்குச் சமம்.

இருப்பிட விஷயத்திலும் நீதிமன்றங்கள் எல்லை வகுத்துக்கொண்டே வந்திருக்கின்றன. 1984-ல் பிரதீப் ஜெயின் வழக்கில், இந்தியருக்கு இந்தியா ஒன்றே இருப்பிடம், எல்லா இடங்களையும் உள்ளூராருக்கே ஒதுக்கக் கூடாது என்றார்கள். 2025 ஜனவரியில் மேல்பட்ட மருத்துவப் படிப்புக்கு மாநில இருப்பிட ஒதுக்கீடே கூடாது என்று தீர்ப்பு வந்தது. பட்டப் படிப்பில் மட்டும் ஊர்க் கேள்வி இன்னும் நிற்கிறது.

கடல் கடந்தால்

சீனாவில் ஜூன் மாதம் நடக்கும் ஒரே பரீட்சைதான் ஒரு பிள்ளையின் தலையெழுத்தை அநேகமாக நிர்ணயிக்கிறது. அமெரிக்காவில் பள்ளி மார்க்கோடு, மாணவர் தன்னைப் பற்றி எழுதும் கட்டுரை, ஆசிரியர் எழுதும் கடிதம், விளையாட்டு, சேவை என்று பலவற்றைப் பார்க்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கவும் அங்கே பணம் வாங்குகிறார்கள்! எந்த இனத்தவர் என்பதையும் ஒரு அம்சமாகப் பார்த்துவந்த முறையை 2023-ல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. யாரைச் சேர்ப்பது என்ற கேள்விக்கு முழுத் திருப்தியான விடையை எந்தத் தேசமும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

விதியை வளைத்த பல்கலைக்கழகம்

கல்கத்தாப் பல்கலைக்கழகம் ஒரு தமிழருக்காக ஒரு முறை விதியைத் தளர்த்தியது. 1907-ல் அக்கவுண்ட் ஆபீஸ் உத்தியோகஸ்தராக இந்த ஊருக்கு வந்தவர் சி.வி.ராமன். ஆபீஸ் நேரம் போக மிச்ச நேரத்தில் பௌபஜார் ஸ்ட்ரீட்டில் இருந்த விஞ்ஞானக் கழகத்தில் ஆராய்ச்சி செய்தார். பாலித் பௌதிகப் பேராசிரியர் பதவிக்கு வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அதற்காக வெளிநாடு போக ராமன் மறுத்தார். அசுதோஷ் முகர்ஜி அவருடைய வேலையைப் பார்த்தவர். காகிதத்தைவிட அதுவே பெரிது என்று கருதினார். நிபந்தனை தளர்ந்தது. 1917-ல் ராமன் பேராசிரியரானார். 1930-ல் நோபல் பரிசு வந்தது. வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன் 1920-ல் கொல்கத்தாவைத் தேடி வந்தது இந்த ராமனிடம் படிக்கத்தான்.

எல்லாப் பிள்ளைக்கும் ஒரு அசுதோஷ் கிடைக்க மாட்டார். காகிதங்கள் சரியாக இருந்தாக வேண்டும். ஆகவே பெற்றோர் இவற்றைக் கவனிப்பது நல்லது.

முதலாவது, பெயர். நம் வழக்கம் முன்னெழுத்து. இங்கே படிவங்கள் குடும்பப் பெயர் கேட்கின்றன. பிறப்புச் சான்றில் ஒரு மாதிரி, பத்தாம் வகுப்பு அட்மிட் கார்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி என்று இருந்தால் பின்னால் அபிடவிட்டுக்கு அலைய நேரும். பள்ளியில் சேர்க்கும்போதே ஒரே மாதிரி எழுத வேண்டும்.

இரண்டாவது, குடியிருந்ததற்கு அத்தாட்சி. வாடகைச் சீட்டு, குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டு உத்தரவு, பள்ளிச் சான்றுகள் எல்லாவற்றையும் வருடவாரியாகச் சேர்த்து வைக்க வேண்டும்.

மூன்றாவது, எட்டாம் வகுப்பு முடிவதற்குள் குடும்பம் ஒரு முடிவுக்கு வர வேண்டும். பிள்ளை வங்காளத்தானாக மனுச் செய்யப் போகிறானா, தமிழ்நாட்டானாகவா? இருப்பிடச் சான்றும் பிறப்பிடச் சான்றும் எவை எவை தேவை என்பது அதைப் பொறுத்தது. விதிகள் ஆண்டுதோறும் மாறக்கூடும் என்பதால், அந்தந்த வருடத்து அறிவிப்பை ஒரு வரி விடாமல் படிக்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பையனுக்குப் போன வருடம் நடந்தது இந்த வருடம் நடக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

கடைசியாக, எதிர்பார்த்த இடம் கிடைக்காவிட்டால் குடி முழுகிப் போவதில்லை. ஹாஜ்ரா பக்கம் ஒரே கட்டடத்தில் காலையில் பெண்களுக்கு ஜோகமாயா தேவி கல்லூரி, பகலில் அசுதோஷ் கல்லூரி, மாலையில் சியாமாபிரசாத் கல்லூரி என்று மூன்று கல்லூரிகள் நடக்கின்றன. மாலைக் கல்லூரியில் படித்துக்கொண்டே பகலில் வேலை பார்த்த குமாஸ்தாக்கள் இந்த நகரத்தில் ஏராளம். நேதாஜி சுபாஷ் திறந்தவெளிப் பல்கலைக்கழகமும் இந்திரா காந்தி திறந்தவெளிப் பல்கலைக்கழகமும் கட்-ஆப் போட்டி இல்லாமல், பிளஸ் டூ தேறியவரைப் பி.ஏ.வுக்குச் சேர்த்துக்கொள்கின்றன. வேலைக்குப் போய்விட்ட மகனோ, கல்யாணமாகிவிட்ட மகளோ, ஏன், பிள்ளையின் மனுவைப் பூர்த்தி செய்து கொடுக்கும் தகப்பனாரோகூட அங்கே சேரலாம். வயது ஒரு தடையல்ல.